இடப்பக்க நாற்காலி

“டீச்சர், ஒரு குறையும் சொல்ல முடியாத ஆட்டம் ஒண்ணு வந்திருக்குது. எனக்குப் புடிக்கல. என்ன பண்ணட்டும்?”

சென்னியப்பன் இப்படித்தான் வந்து நின்றார். ஒரு வணக்கம்கூட இல்லை.

ஜெசிந்தா டீச்சர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தைந்து. ஏழு வருஷம் பந்தயத்தில் கார் ஓட்டிவிட்டு, இப்போது கோயமுத்தூர் கணபதியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடரின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. கார்ப் பந்தய வீடியோ கேம்களை வீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, பத்திரிகையில் மார்க் போடுவார். நிஜத்துக்குப் பத்து மார்க், சந்தோஷத்துக்குப் பத்து மார்க். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். டயர் சூடாவது சரியில்லை என்று அரை மார்க் குறைத்த மனிதர் அவர்.

அவருக்கே சந்தேகம் வந்தால் டீச்சரிடம் வருவார்.

ஒருமுறை பெரிய கம்பெனி ஆட்டம் ஒன்றை டீச்சர் ஓட்டிப் பார்த்தார். வேகமாகப் போய்ச் சுவரில் மோதினார். மோதியவர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு டீச்சர்? அந்தப் பட்டனை அமுக்குனா மறுபடி மொதல்ல இருந்து ஓட்டலாமுங்க.”

“இருங்கண்ணா. போலீஸ் வரட்டும்.”

சென்னியப்பன் வீட்டுக்குப் போய் நிஜத்துக்கான பத்தில் இரண்டு மார்க்கைக் குறைத்தார்.

டீச்சர் பேசுவது அவ்வளவுதான். நாள் முழுக்க இடப்பக்கம் உட்கார்ந்து, தன் பக்கம் பொருத்திய தனி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர். அவர் பேசினால் கற்றுக்கொள்கிறவர்கள் ரோட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பழகிப்போனது.

“என்ன ஆட்டம்?” என்றார் இப்போது.

“மலைப்பாதைப் பந்தயமுங்க. நம்மூருப் பசங்க எட்டுப் பேரு ரெண்டு வருசமா உக்காந்து செஞ்சிருக்கறாங்க. வால்பாறை ரோட்ட அளந்து அப்படியே வெச்சிருக்கறாங்க. நாப்பது வளைவும் இருக்குது. எதுர்ல வண்டி வருது. பிரேக் அடிச்சா எத்தன அடி தள்ளி நிக்கோணுமோ அத்தன அடி தள்ளித்தான் நிக்குது.”

“செரி.”

“நிஜத்துக்குப் பத்துக்குப் பத்து. சந்தோசத்துக்கு முட்டைங்க.”

“ஏன்?”

“அதுதான் தெரியலீங்க. நாளன்னிக்குத் திங்கட்கெழம மார்க்க அனுப்போணும். பாவம், பசங்க எட்டுப் பேரும் காத்துட்டிருக்கறாங்க.”

“எத்தன தடவ முழுசா ஓட்டுனீங்க?”

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

“ஒருக்காகூட இல்லீங்க. மேலிருந்து கீழ எறங்கோணும், நாப்பதாவது வளைவுல இருந்து ஒண்ணாவதுக்கு. பதினோராவது வளைவு வந்தா காலு தானா பிரேக்குக்குப் போயிருது. வண்டி நின்னுருது. அத்தோட மூடி வெச்சுருவேன்.”

டீச்சர் துணியை உதறிக் காயப்போட்டார். பிறகு காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்க.”

சென்னியப்பன் ஏறவில்லை. இரண்டு அடி பின்னால் போனார்.

“எத்தன வருசமாச்சு?” என்றார் டீச்சர்.

“எட்டு.”

இருபது வருஷமாகக் கார் ஆட்டங்களுக்கு நீதிபதியாக இருக்கிறவர் கார் ஓட்டி எட்டு வருஷம் ஆகிறது. பத்திரிகை படிக்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தாமல் நின்றார். அப்படி நிற்கிறவரிடம் எதையும் மறைக்க முடியாது.

“நானும் சம்சாரமும் வால்பாறையில இருந்து எறங்கி வந்துட்டிருந்தோமுங்க. அவளோட அக்கா வீட்டுக்குப் போயிட்டு. பதினோராவது வளைவு. எதுர்ல ஒரு லாரி. லாரிக்காரர் மேல தப்பில்ல, நாந்தான் நடுரோட்டுல வந்தேன். பிரேக்க அடிச்சேன். ஸ்டியரிங்க ரெண்டு கையிலயும் கெட்டியாப் புடிச்சுட்டேன். வண்டி ஓரஞ்சுவத்த ஒட்டி நின்னுருச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. திரும்பிப் பாத்தா அவ மூஞ்சி பூரா ரத்தம்.”

“பெல்ட்?”

“அன்னிக்குப் போடலீங்க. ஏழு தையல்.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அது யாரோ கொடுத்துவைத்த பொருள்போல அவர் பக்கத்தில் தொங்கியது.

“பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கறா. திடுதிப்புனு பிரேக் அடிச்சா எவனுக்கும் அந்தக் கை தானா குறுக்க போகுமுங்க டீச்சர். முன்னால சாயாமத் தடுக்கறதுக்கு. சந்தைக்குக் காய்கறி ஏத்திட்டுப் போறவன்கூட தக்காளிக் கூடைக்குக் கைய நீட்டுவான். எனக்கு நீளல. நான் என்னத்தான் காப்பாத்திக்கிட்டேன்.”

“வீட்டுல அக்காகிட்ட இதச் சொன்னீங்களா?”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுங்க?”

காரை அந்த மாதமே விற்றுவிட்டார். மனைவி தமயந்தி ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்காதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்போது தன் அக்காவைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போகிறாள். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்று கையில் ஓர் எலுமிச்சம்பழம். அவர் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் கண்ணை விட்டு மறைகிற வரை நின்றுவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் திரையில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார். அந்த மனிதர் பாவம், வேறென்ன செய்வார்?

டீச்சர் கதவைச் சாத்தினார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றேன்.”

*

சொன்னபடி வந்தார். தண்ணீர் குடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

பெரிய திரை. மேஜையில் இறுக்கி மாட்டிய ஸ்டியரிங். கீழே மூன்று பெடல். உட்கார ஒரு பழைய காரின் சீட்டையே வாங்கிப் போட்டிருந்தார் சென்னியப்பன்.

டீச்சர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். சீட்டுக்கு இடப்பக்கம் ஒட்டிப் போட்டார்.

“உக்காருங்க டீச்சர்.”

“எனக்கில்ல” என்று சொல்லிவிட்டு டீச்சர் சமையலறை வாசலுக்குப் போனார். “அக்கா, ஒரு பத்து நிமிசம் வாங்க.”

“அடுப்புல பருப்பு வெந்துட்டிருக்குதுங்க.”

“கரண்டியக் குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்துவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் தமயந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு இடப்பக்கத்தில் அவள். புருவத்துக்கு மேல் தழும்பு, நெற்றியைச் சுருக்கும்போது மட்டும் தெரியும்.

“என்னங்க பண்ணோணும் நானு?”

“சும்மா உக்காருங்க அக்கா” என்றார் டீச்சர் அடுப்படியிலிருந்து.

திரையில் மலை வந்தது. தேயிலைச் சரிவு, கறுப்பு ரோடு, ஓரத்தில் வெள்ளை அடித்த குட்டைச் சுவர்.

தமயந்தி வாயைப் பிளந்தாள்.

“ஏனுங்க, இது நம்ம வால்பாறை ரோடு!”

“ஆமா.”

“வாட்டர்பால்ஸ் எஸ்டேட்டுக்குத் திரும்பற எடங்கூட இருக்குதே! மெதுவாப் போங்க மாமா, பாக்கறேன்.”

பந்தய ஆட்டத்தில் மெதுவாகப் போகச் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். அவர் மெதுவாகப் போனார். பின்னால் வந்த கார்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

“அக்கா ஒருக்கா இந்தத் திருப்பத்துலதான் வாந்தி எடுத்தா. ஞாபகம் இருக்குதுங்களா?”

“உங்கக்கா எந்தத் திருப்பத்துலதான் எடுக்கல?”

அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைச் சுருக்கித் திரையைத் தேடினாள்.

“ஆமா, கொரங்கு எங்க? சொவத்து மேல ஒண்ணக்கூடக் காணோம்?”

சென்னியப்பன் திடுக்கிட்டார். ஒரு வாரமாக அளந்த மனிதருக்கு இது தோன்றவே இல்லை.

“எழுதிக்கறேன். அரை மார்க் போச்சு.”

“பாவம், அரை மார்க்கெல்லாம் கொறைக்காதீங்க. அதுங்களும் எங்காவது கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். இந்த ஆட்டத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். இருபதாவது வளைவு போயிற்று, பதினைந்தாவது போயிற்று. பேச்சு வாக்கில் பன்னிரண்டும் போயிற்று. வண்டி வளைந்து திரும்பும்போதெல்லாம் அவள் உடம்பு அவளை அறியாமல் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் எண்ணுவதை மறந்திருந்தார்.

வளைவு திரும்பியதும் எதிரே லாரி நின்றது.

பிரேக்கில் கால் போனது. அதே நொடியில் அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டுக் காற்றில் வீசி, தமயந்தியின் குறுக்கே போய் அவள் தோளை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்தது.

நாற்காலி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதை நகர்த்த அங்கே நிஜ வண்டி எதுவும் இல்லை.

ஒற்றைக் கையில் நிற்காமல் ஸ்டியரிங் உதறித் திரும்பியது. திரையில் கார் குட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு போயிற்று. உருண்டது. மறுபடி உருண்டது. தேயிலைச் செடிகளைத் தாண்டி, எங்கோ கீழே, சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது.

சமையலறையில் டீச்சர் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

தமயந்தி தன் தோளில் இருந்த கையைப் பார்த்தாள்.

“இப்ப வருது” என்றார் சென்னியப்பன். “இப்ப வருது பாரு, இந்தக் கை. அன்னிக்கு வரல.”

“என்னங்க சொல்றீங்க?”

“அன்னிக்கு உன்னப் புடிக்கல தமயந்தி. நான் ஸ்டியரிங்கத்தான் புடிச்சுட்டு இருந்தேன். என் உசுருதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சுருக்குது. உன்ன விட்டுட்டேன்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“இதுக்குத்தான் வண்டிய வித்தீங்களா?”

அவர் தலையை ஆட்டினார்.

“இதுக்குத்தான் எட்டு வருசமா என்னைய பஸ்ஸுல அனுப்புனீங்களா?”

அதற்கும் தலையை ஆட்டினார்.

“நானு பயந்துக்குவேன்னு வித்துட்டீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன். எனக்காகத்தானே செஞ்சாருன்னு கேக்காம விட்டுட்டேன்.”

சென்னியப்பன் அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், குரு பக்கத்து அறையில் கரண்டியோடு நிற்கும்போது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். டீச்சர் வெளியே வரவில்லை.

தமயந்தி தன் தோளிலிருந்து அவர் கையை மெல்ல எடுத்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கின் மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

திரையைக் காட்டினாள்.

“இப்ப என்னையப் புடிச்சீங்க, மாமா. நாம எங்க கெடக்கறோம்னு பாருங்க.”