பூதலிங்கத்தின் மூலக்கனல்

ஆற்றங்கரை மடத்தில் அன்று சாயங்காலம் பூதலிங்கத்துக்குத் தீட்சை. அவருக்கோ காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கண்ணை மூடுவார், உடனே திறப்பார். எழுந்து வாசல்வரை போவார், திரும்புவார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குரு அருளம்மை அவரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் அவர் "அம்மா" என்பார், குரு "ஐயா" என்பார்.

தீட்சை வாங்குகிறவர் பூசை முடியும்வரை பத்மாசனம் கலைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். அதற்காகவே மாதக்கணக்காக உட்கார்ந்து பழகியிருந்தார்.

கடைசியில் குருவிடமே வந்துவிட்டார்.

"அம்மா, உள்ளே எரியுது. தியானத்துல குண்டலினி சூடேறி மூலக்கனல் எழும்பிடுச்சுன்னு நினைக்கிறேன். இதை எப்படித் தாங்குறது?"

எப்போது எரிகிறது என்று அருளம்மை கேட்டார். வெறும் வயிற்றில் என்றார். சாப்பிட்டால்? கொஞ்சம் அடங்குமாம், பிறகு மறுபடி வருமாம்.

"சோறு போட்டா அடங்குற மூலக்கனலை நான் கேள்விப்பட்டதில்லை ஐயா."

மடத்து அடுப்படியில் சமைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விடிஞ்சதும் கடுங்காப்பியை மட்டும் ஊத்தினா கனல் எழும்பாம மல்லிகைப்பூவா எழும்பும்?"

பூதலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருளம்மை சிரிக்கவில்லை. வெளிக்குப் போவது என்ன நிறம் என்று கேட்டார்.

சந்நிதியில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது? பாவம், மனிதர் கூசிப்போனார்.

"கறுப்பு. தார் மாதிரி."

அருளம்மை எழுந்துவிட்டார். சந்நிதி விளக்கைப் பார்த்துக்கொள்ளும்படி பேச்சியம்மாளிடம் சொன்னார், ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். தீட்சை முடிந்ததும் போகலாம் என்று பூதலிங்கம் கெஞ்சிப் பார்த்தார். அருளம்மை அவரை ஆட்டோவில் ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பூதலிங்கம் மடம் இருந்த திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் பூதலிங்கம். அருளம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூதலிங்கம் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். முழங்கால் வலிக்கு அவராகவே கடையில் வாங்கியது. வலி தெரியாமல் பத்மாசனத்தில் உட்கார வேண்டுமே! தினமும் விடியற்காலையில், ஒரு வாய் சோறு உள்ளே போகுமுன் விழுங்கியிருக்கிறார்.

வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிவதும், அதுதான் கறுப்பாய் வெளியே போனதென்பதும் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்ததில் தெரிந்தது. இன்னும் நாள் கடத்தியிருந்தால் உயிருக்கே மோசம் என்றார் டாக்டர். அந்த மாத்திரையை இனி தொடவே கூடாது, புண்ணுக்குத் தரும் மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கடவுள் புண்ணியத்தில் கசிவு நின்றது. கஞ்சி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அருளம்மை பார்க்க வந்தார். பூதலிங்கம் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். கஞ்சி அப்படியே இருந்தது.

"நாள் தவறிப்போச்சு. மாத்திரை இல்லாம இந்தக் காலை மடக்கவும் முடியாது. இனிமே எனக்கு ஏதும்மா தீட்சை?"

"காலை நீட்டிக்கிட்டே வாங்கிக்கலாம்."

அவர் நம்பாமல் பார்த்தார்.

"நிஜமாவா? அப்போ மந்திரத்தையாவது சொல்லுங்கம்மா. இங்கே படுத்துக்கிட்டே ஜபிக்கிறேன்."

அருளம்மை கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வலிச்சா, வலிக்குதுன்னு வாய் திறந்து சொல்லுங்க ஐயா. முதல்ல அதைப் பழகுங்க."