தேரி மணலைத் தின்ற குதிரைகள்

குதிரைகள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லும். முதுகில் ஏறியவன் கனமாக இருந்தால் அதையும் சொல்லிவிடும்.

அந்தக் காலத்தில் கடலோரத் தேரியில், செம்மணல் மேடுகளுக்கு நடுவே, பூலுடையார் என்ற படைத்தலைவர் நாற்பது குதிரைகள் வைத்திருந்தார். அவற்றில் செம்பி என்ற பெண்குதிரை தன் முதல் குட்டியை ஈன்று ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. புல் விரல் உயரத்துக்கு மேல் வளரவில்லை. கடித்து இழுத்தால் வேரோடு வந்தது, வேரோடு மணலும் வந்தது. போதாததற்கு, ஆட்கள் வைக்கோலையும் கொள்ளுத் தீனியையும் மணலிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் காலையில் குட்டி படுத்துப் புரண்டது. தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. குதிரைகளைப் பராமரிக்கும் சுடலி அதன் அடிவயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே அலை கரையை அரிப்பதுபோல ஒரு சத்தம்.

“வயிறு பூரா மணல் கிடக்கு,” என்றாள்.

செம்பி நேரே பூலுடையாரிடம் போனது. அவர் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, தீனியைத் தரையில கொட்ட வேண்டாம்னு சொல்லுங்க. தொட்டி கட்டி அதுல போடட்டும். காய்ஞ்ச புல்லும் தண்ணியும் நிறைய வேணும். அது உள்ளே போனாத்தான் மணலைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும்.”

அவர் நிமிரவில்லை. “தொட்டி கட்ட என்கிட்ட ஆளில்லை. மண்ணுல நடக்கிற மிருகம் மண்ணுலயே தின்னட்டும்.”

“என் குட்டி சாகக் கிடக்கு.”

“அடுத்த வருஷம் இன்னொண்ணு போடு.”

செம்பி குட்டியிடம் திரும்பி ஓடியது. சுடலி தண்ணீர் புகட்டிப் பார்த்தாள், கைத்தாங்கலாக நடத்திப் பார்த்தாள். உச்சிவேளையில் குட்டி தாயின் காலடியிலேயே விழுந்து செத்தது.

சாயங்காலம் பூலுடையாரே ஒரு கட்டு வைக்கோலோடு வந்தார். செம்பியின் முன்னால் மணலில் வீசினார்.

“தின்னு. நாளைக்குப் படை கிளம்புது.”

செம்பி முன்காலை ஓங்கித் தரையில் அறைந்தது. மறுபடியும் அறைந்தது. வைக்கோல் சிதறிப் பறந்தது. மணல் எழும்பி அவர் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் போய் அடைத்தது. அவர் குனிந்து இருமினார். பல்லிடுக்கில் மணல் நறநறத்தது.

“எப்படி இருக்கு ஐயா?” என்று கேட்டது செம்பி.

அதுதான் அது கடைசியாகப் பேசியது. அப்புறம் மூக்கை விரித்து அவர் முகத்துக்கு நேராகச் சீறியது. மற்றக் குதிரைகளும் தரையை அறைந்து சீறின. எதுவும் பேசவில்லை, எதுவும் தின்னவில்லை.

சுடலி பழஞ்சாக்குகளைக் கிழித்துப் பை தைத்தாள். கொள்ளு நிரப்பி ஒவ்வொரு குதிரையின் வாயிலும் மாட்டினாள். அப்போதுதான் அவை தின்றன.

“யாரைக் கேட்டுச் செய்யிற?” என்று அதட்டினார் பூலுடையார்.

“வேண்டாம்னா அவுத்துடுறேன். நாளைக்கு நீங்க நடந்தே சண்டைக்குப் போங்க,” என்றாள் அவள்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் மனிதரோடு எந்தக் குதிரையும் பேசுவதில்லை. தீனிவேளை வந்தால் முன்காலால் தரையை அறைகிறது, மூக்கை விரித்துச் சீறுகிறது. குதிரைக்காரனும் மறுபேச்சில்லாமல் கொள்ளுப் பையை எடுத்து அதன் வாயில் கட்டுகிறான்.