கதவுப் பக்கத்து டிரம்

சரக்கு சர்வேயர் ஜெசிந்தா அம்மாளை ஆவுடையப்பன் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, அந்த அம்மாள் காலையிலிருந்தே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதனால் ஆவுடையப்பனிடம் தங்கிப்போன கடைசி நாள் முழுக்க வசவுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, கண்டெய்னர்களில் சரக்கு அடுக்குகிற ஷெட் அது. ஆவுடையப்பன் பாதி வயசுவரை லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்த பிறகு இந்தக் கண்டெய்னர் பெட்டிகளில் சரக்கு அடுக்குகிற தொழிலுக்கு வந்து, தன்னைவிடப் பத்து வயது இளைய ஜெசிந்தா அம்மாளிடம் பாடம் கேட்டார். தீப்பிடிக்கிற சரக்கோ, அரிக்கிற சரக்கோ ஏறிய பெட்டி எதுவானாலும், அந்த அம்மாள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஷெட்டைவிட்டு நகரும்.

அன்றைக்குத்தான் ஆவுடையப்பனுக்கு முதல் தடவையாகத் தனிப் பொறுப்பில் ஒரு பெட்டி கிடைத்திருந்தது. ஷெட் முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் துறைமுக கேட்டை அடைச்சிருவான். இது கப்பலை விட்டுட்டுன்னா, நீரு பழையபடி லாரிக்கே போயிரும் வே."

சரக்கு பெரும்பாலும் துணி பேல்கள், இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டைகள். அவற்றோடு, பொறி பட்டால் பற்றிக்கொள்கிற பெயிண்ட் தின்னர் எட்டு டிரம்.

மதியத்துக்கு முன்பே அடுக்கி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார் ஆவுடையப்பன். அம்மாள் வந்து திறந்த கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"டிரம் எங்க அண்ணாச்சி?"

"உள்ள, கடைசியில. பேலுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கும்மா."

"யாருக்குப் பத்திரம்?"

"கஸ்டம்ஸ்காரன் கதவைத் தொறந்தா துணிதான் கண்ணுல படும். பாத்தோம், போனோம்னு போயிருவான். டிரம்மப் பாத்தான்னா அன்னைக்குப் பொழுது போச்சு."

"எல்லாத்தையும் வெளிய எடுங்க."

"அம்மா!"

"சரக்குல கொஞ்சம்தான் ஆபத்தானதுன்னா, அதைக் கதவுப் பக்கம் வைக்கணும். போன மாசம் சொன்னேன். அதுக்கு முந்தின மாசமும் சொன்னேன். சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் ஒரு பேலை நகத்தி வச்சிருக்கும்."

கூலியாட்களில் சங்கிலி என்பவன் வாய்த்துடுக்கானவன். "அண்ணாச்சி, பேசாம நாம சுவத்தையே வேலைக்கு வச்சிருக்கலாம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

பேல்கள் வெளியே வந்தன. டிரம்கள் வந்தன. பேல்கள் உள்ளே போயின. டிரம்களைக் கதவருகே நிறுத்தி, கயிறு போட்டு, கட்டை அடித்து இறுக்கினார்கள். தகரப் பெட்டிக்குள் வெயில் அடுப்பாகக் கொதித்தது. ஆவுடையப்பன் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும்.

அம்மாள் மறுபடி வந்து பார்த்தார்.

"லேபிள் எங்க?"

ஒவ்வொரு டிரம்மிலும் தீச்சுடர் போட்ட சிவப்பு லேபிள் ஒட்டியிருந்தது. உருட்டி நிறுத்திய அவசரத்தில் எல்லாம் உட்பக்கம் பார்த்து நின்றன.

"ஒட்டியிருக்கும்மா. அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

ஆவுடையப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை உதறித் தரையில் போட்டார்.

"எத்தனை விதிம்மா! இது கூட அதை வைக்கக் கூடாது, அது கூட இதை வைக்கக் கூடாது. இது தள்ளி, அது ஒட்டி. என் மகளுக்குப் பொருத்தம் பாத்த ஜோசியன்கூட இம்புட்டுப் பாக்கலை. டிரம் கதவுகிட்டதான இருக்கு? மூஞ்சி எங்கிட்டு இருந்தா என்ன? கேட்டை அடைக்கப் போறான். கையெழுத்துப் போடுங்க தாயி."

அம்மாள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"போடுதேன். எனக்கும் தொண்டை வறண்டு போச்சு. அதுக்கு முன்னால ஒரு வேலை. அந்தா நிக்கே, அந்தப் பெட்டியைத் தொறந்துட்டு வாங்க."

ஷெட் ஓரமாக, கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு பெட்டி நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் ஆவுடையப்பன். விறுவிறுவென்று போனார். கதவுக் கம்பியின் கைப்பிடியைப் பிடித்தார்.

கதவில் ஏதோ எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்த தடம் இருந்தது. சாய்சதுரமாகப் பசை மட்டும் நின்றது. என்ன நிறம், என்ன படம், எதுவும் தெரியவில்லை.

கைப்பிடியை விட்டுவிட்டு, கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தார். ரப்பர் வாடை வந்தது. இல்லை, ரப்பர் மாதிரியும் இல்லை. காதை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டிப் பிடித்தார். அதையும் விட்டார்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போன மாதிரி வெளியவே நிக்கீங்களே!" என்று கத்தினான் சங்கிலி.

ஆவுடையப்பன் திரும்பி வந்தார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"தெரியாம தொறக்க மாட்டீங்களோ?"

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"காலிப் பெட்டி அண்ணாச்சி. நேத்தே கழுவி வச்சது."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் இங்க நிக்கேன், கேட்டீங்க, சொல்லிட்டேன். அங்க தொறக்கிறவனுக்குச் சொல்ல, உங்க பெட்டிகூட நானும் கப்பல்ல போவணுமா?"

ஆவுடையப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பெட்டியில் ஏறிக் கட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

"கேட்டு நேரம் போயிரும் அண்ணாச்சி" என்றான் சங்கிலி. இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை.

"போனாப் போவுது. பிடி கயித்தை."

ஒவ்வொரு டிரம்மாகத் திருப்பினார்கள். லேபிள் எல்லாம் கதவைப் பார்த்து நின்றன. ஆவுடையப்பன் கீழே இறங்கி, கதவைத் திறக்க வருகிற ஆள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தார். நின்றவருக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்வரிசை டிரம்கள் கதவை நெருக்கிக்கொண்டு நின்றன. கதவைத் திறந்ததும் ஒன்று சரிந்தால் நேரே அவன் மார்பில்தான் விழும். அதை அம்மாள் சொல்லவில்லை. இனிமேல் சொல்வதற்கு இருந்தாரோ என்னவோ.

"ரெண்டு பேலை வெளிய எடு. டிரம்மை உள்ளாறத் தள்ளி, குறுக்குக் கட்டை அடி."

"பேல் குறைஞ்சா முதலாளி தோலை உரிப்பாரு."

"என் தோலைத்தான உரிப்பாரு. எடு."

எடுத்தார்கள். கட்டை அடித்தார்கள். அம்மாள் வந்து, கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்தச் சொல்லி, வெளியே நான்கு பக்கமும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். பிறகு பெட்டியை ஏற்றிய லாரியின் முன் கதவைத் திறந்து தானே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எங்கம்மா?"

"ரெண்டு பேல் குறைச்சதைக் காகிதத்துல திருத்த வேண்டாமா? கேட்டுல உங்களை விட்டா, எல்லாரையும் தாயின்னு கும்பிட்டுக்கிட்டு நிப்பீங்க. சண்டை போட ஆள் வேணும்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். ஆவுடையப்பன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். எவனோ எந்த ஊர்லயோ தொறக்கப் போறான். நாம அடுக்கினது சரிதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"இம்புட்டு அவசரத்துலயும் ஒரு கேள்வி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அம்மாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "சரியா அடுக்கியிருந்தா, அண்ணாச்சி, நம்மளைப் பத்தி அங்க ஒருத்தனும் பேச மாட்டான். கையை எடுங்க."

ஆவுடையப்பன் கையை எடுத்தார்.

பெட்டி அன்றைக்கே கப்பலேறியது. அக்கரையிலிருந்து அதைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் வரவில்லை.