மிச்சம் அஞ்சு

“அவருக்கு நூறு கிலோ, எனக்கு வெறும் கம்பியா?” என்று கேட்டாள் ஜெபமணி.

டயர்க் கடை மாடியில் இருந்த அந்த ஜிம்மில் அவள் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தொன்று. பக்கவாதத்தில் விழுந்துவிட்ட கணவர் தங்கதுரையைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

மாஸ்டர் செண்பகவல்லிக்கு ஜெபமணியின் மகளாக இருக்கக்கூடிய வயசு. பேச்சு கம்மி.

“தூக்குங்கக்கா.”

எட்டு முறை தூக்கி இறக்கினாள்.

“இன்னும் எத்தனை முடியும்?”

“அஞ்சு முடியும்.”

“போதும். வீட்டுக்குப் போங்க.”

பக்கத்தில் பால்பாண்டி, பத்து வருஷப் பழக்கம், கண் பிதுங்க நூறு கிலோவை இறக்கினான். அவனிடமும் மாஸ்டர் அதையே கேட்டாள்.

“கஷ்டப்பட்டா ஒண்ணு.”

“போதும்.”

ஜெபமணிக்குப் பொறுக்கவில்லை.

“அவரு மூச்சு முட்டத் தூக்குறாரு. நான் வேர்க்குறதுக்கு முன்னாடியே வீட்டுக்கா? சீனி டப்பா தூக்கவா வந்தேன்?”

பால்பாண்டி சிரித்தான். “யக்கா, இவ்வளவு முக்கியும் எனக்கு வருஷத்துல அஞ்சு கிலோ கூடினா பெருசு. உங்களுக்கு அது ஒரே மாசத்துல கூடிரும். மாத்திக்கிடுவமா?”



இரண்டு நாள் கழித்து, மாஸ்டர் திரும்பியிருந்த நேரம் பார்த்து ஜெபமணி கம்பியில் இரண்டு எடைத் தட்டுகளை மாட்டினாள். கர்த்தரை நினைத்துக்கொண்டு, கை கழன்று விழும்வரை தூக்கினாள்.

“இன்னும் எத்தனை?”

“அஞ்சு” என்றாள்.

மாஸ்டர் தட்டுகளைப் பார்த்தாள். நடுங்கும் விரல்களைப் பார்த்தாள். “சரி” என்றாள்.

அன்று சாயங்காலம் தங்கதுரை கட்டிலிலிருந்து நழுவிவிட்டார். ஜெபமணி குனிந்தாள். கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வராத மனுஷன், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜிம்மில் ஜெபமணி மாஸ்டர் முன்னால் போய் நின்றாள். “நேத்து பொய் சொல்லிட்டேன் மாஸ்டர். மிச்சம் ஒண்ணுமே இல்ல.”

மாஸ்டர் வெறும் கம்பியை அவள் காலடிக்கு உருட்டிவிட்டாள்.

மாதங்கள் போயின. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கூடின. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒப்பிப்பாள்: “இன்னைக்கும் மிச்சம் அஞ்சு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பும் நேரம், அவர் மறுபடி நழுவினார்.

ஜெபமணி காலை அகட்டி நின்றாள். முழங்காலை மடக்கினாள். அவரை அணைத்துத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள். கட்டியிருந்த சேலைகூடக் கலையவில்லை.

தங்கதுரை அவளையே பார்த்தார். பேச்சு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கோணிய வாயால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

“இன்... னும்... எத்தன?”