பொற்கூண்டில் முதல் கொத்து

முன்பு, கோழிக்குஞ்சுக்குக்கூடப் பொன்னால் கூண்டு செய்து பார்த்த ஓர் அரசர் இருந்தார். பக்கத்து நாட்டுத் தூதுவர் அவருக்கு உயர்ந்த இனத்துக் குஞ்சுகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார். அவை இரவும் பகலும் தம் கண்ணில் பட வேண்டும் என்று அரசருக்கு ஆசை. சபை மண்டபத்திலேயே பொற்கூண்டை வைத்து, சுற்றிலும் விளக்கேற்றச் சொன்னார்.

குஞ்சுகள் வளர்ந்தன. கூண்டு வளரவில்லை. ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. ஒரு குஞ்சின் வாலடியில் துளி இரத்தம் தெரிந்தால் போதும், மற்றவை எல்லாம் சேர்ந்து அதையே கொத்தின. தினமும் செத்த குஞ்சை எடுத்துப் போடும்படி ஆயிற்று.

அவற்றைப் பார்த்துக்கொண்டவள் குருவம்மாள் என்ற விதவை. கூண்டில் இடம் போதவில்லை என்று அரசரிடம் சொல்ல, சபை கூடியிருந்த நேரத்தில் அவள் வந்தாள். பிரதானி அனந்தகீர்த்தி அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"அரசர் ஆசையாகச் செய்த கூண்டைக் குறை சொல்கிறாயா? போ."

பிறகு அவரே அரசரிடம், "அந்தப் பெண் தீனியைத் திருடுகிறாள். பசியில்தான் குஞ்சுகள் அடித்துக்கொள்கின்றன" என்றார்.

அரசர் கோபத்தில் எழுந்துவிட்டார். "இந்தச் சாவுகளுக்குக் காரணமான கையை நாளை மாலை வெட்டுங்கள்!"

குருவம்மாளைக் கயிற்றால் கட்டினார்கள். அவள் அழவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையின் விகடகவி ஆராவமுதன் முன்னே வந்தார். அவர் எழுந்தாலே சிரிக்கும் சபை, அன்று அவர் முகத்தைப் பார்த்து அடங்கியது.

"அரசே, கொத்தியது குஞ்சு. தண்டனை இவளுக்கா?"

அரசர் ஆராவமுதனிடம் காட்டும் பிரியம் பிரதானிக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. "அப்படியானால் முதலில் கொத்திய குஞ்சு எது என்று விகடகவி காட்டட்டும். முடியாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். அரசரும் சம்மதித்தார்.

"காட்டுகிறேன். ஆனால் சபையோர் எல்லோரும் பிரதானி தலைமையில், நான் சொல்லும் அறையில் அமர்ந்து, அது எந்தக் குஞ்சு என்று ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது" என்றார் ஆராவமுதன்.

தலைமை தனக்கு என்றதும் பிரதானி மறுக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் சபையோர் ஒரு சிற்றறைக்குள் நுழைந்தார்கள். தோளோடு தோள் இடித்தது. சுவரெங்கும் விளக்குகள் எரிந்தன. குடிக்க ஒரே ஒரு கூஜாத் தண்ணீர். கதவு சாத்தப்பட்டது. அரசரும் ஆராவமுதனும் வெளியே அமர்ந்தார்கள். குருவம்மாளும் கட்டோடு அங்கே நின்றாள்.

முதலில் பேச்சுக் கேட்டது. பிறகு, "காலை மிதிக்காதீர்!" என்றொரு குரல். "கூஜாவை இங்கே கொடும்!" என்றொரு குரல். பிறகு பேச்சே இல்லை, அடிதான் கேட்டது.

அரசர் பதறிப்போய்க் கதவைத் திறக்கச் சொன்னார். பிரதானியின் தலைப்பாகை கிழிந்து, உதட்டில் இரத்தம் வடிந்தது. சேனாதிபதி அவர் கழுத்தைப் பிடித்திருந்தார்.

"யார் முதலில் அடித்தது?" என்றார் அரசர்.

ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள்.

ஆராவமுதன் கைகூப்பினார். "அரசே, பேசத் தெரிந்தவர்களிடமே கேட்டீர்கள், விடை கிடைக்கவில்லை. இவர்கள் பகைவர்கள் அல்லர். நேற்றுவரை ஒரே பந்தியில் உண்டவர்கள். நெருக்கமும் புழுக்கமும் ஓயாத வெளிச்சமும் இவர்களை இப்படிச் செய்துவிட்டன."

அரசர் தம் கைகளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கூண்டு செய்யச் சொன்னது நான். விளக்கேற்றச் சொன்னதும் நான். காரணமான கையை வெட்டச் சொன்னேனே, இனி என்ன செய்வது?"

"வெட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குருவம்மாளின் கட்டை அவிழ்க்க வேண்டும். அது முடியட்டும், மற்றதைச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்."

அரசர் தம்மை மீறிச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. தம் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். முத்துமாலையைக் கழற்றி ஆராவமுதனுக்கு அணிவித்தார். பிரதானி தலைகுனிந்து நின்றார்.

"அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார் அரசர்.

"நிழலாக ஒரு பெரிய கொட்டில், சாமி. கொத்தி விளையாடக் கட்டித் தொங்கவிடக் கொஞ்சம் கீரைக்கட்டு. காயத்துக்கு வேப்பெண்ணெய்."

சொல்லிவிட்டு அவள் விடைபெறக்கூட நிற்கவில்லை. மண்டபத்துக்கு ஓடி, மூலையில் ஒண்டியிருந்த காயம்பட்ட குஞ்சை மற்றவற்றிடமிருந்து பிரித்தெடுத்து, முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.