மூன்று அறைப் பட்டுப்பூச்சிகள்

காட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே வேலி போடாத காலம் அது, கேளுங்கள். மலையடிவாரத்தில் சுருளன் என்றொரு மந்திரவாதி இருந்தான். ராஜாவுக்குப் பட்டு கொடுப்பவன் அவன்தான். அவன் கொட்டகையில் பட்டுக்கூடுகளைக் கொதிநீரில் போட்டு நூலெடுத்தார்கள் பொம்மியும் அவள் புருஷன் மாதேசனும்.

பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகும், நூல் அறுந்துபோகும். அதனால் வருவதற்கு முன்பே கொப்பரையில் போட்டுவிடுவார்கள். முட்டைக்கென்று ஒதுக்கிய கூடுகளைச் சுருளன் பூட்டி வைத்திருந்தான். ஆக, பட்டுப்பூச்சி எப்படியிருக்கும் என்று அவர்கள் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் கொதிநீர்தான். சாயங்காலமானால் பொம்மியின் வெந்த மணிக்கட்டைப் பிடித்து மாதேசன் ஊதிவிடுவான்.

ஆசை யாரை விட்டது, மாதேசனை விட? ஒருநாள், உள்ளே இருப்பது எப்படித்தான் வெளியே வருமென்று பார்க்க, ஒரு கூட்டை மடியில் ஒளித்தான். சுருளன் பிடித்துவிட்டான்.

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணுமா? உள்ளேயே போய்ப் பார்."

அவ்வளவுதான், மாதேசன் புழுவானான். புழுக்களோடு புழுவாகத் தின்று, தோலுரித்து, கூடும் கட்டிக்கொண்டான். எந்தக் கூடு அவனுடையது? ஆயிரமாயிரம் கூடுகளில் யார் கண்டார்கள்!

பொம்மி அழுதாள், காலில் விழுந்தாள். சுருளனாவது இரங்குவதாவது. ஆனால் பந்தயம் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். அது பொம்மிக்குத் தெரியும்.

"ஒரு கூட்டையும் கொதிக்க வைக்காதீங்க ஐயா. எல்லாம் தானா வெளியே வரட்டும். அதுல என் வீட்டுக்காரரை நான் காட்டுறேன். தப்பாக் காட்டினா நானும் புழுவாக் கிடக்கிறேன். சரியாக் காட்டினா நீங்க புழு."

சுருளன் விழுந்து விழுந்து சிரித்தான். "பட்டுப்பூச்சிக்கு வாயே கிடையாது, பொம்மி. தின்னாது, குடிக்காது, உன்னைக் கூப்பிடவும் கூப்பிடாது. நாலு நாளில் செத்தும் போகும். ஒரே ஒரு தடவைதான் காட்டலாம்." அப்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

கொட்டகையில் மூன்று அறைகள். முதல் அறையில் முசுக்கொட்டை இலை தின்ற புழுக்களின் கூடுகள். காலை வெயில் பட்டதும் கூடுகளின் முனை ஈரமானது. ஒரு தலை எட்டிப்பார்த்தது, பிறகு கால்கள், பிறகு மாவில் புரட்டியது போன்ற வெள்ளை இறகுகள். பறக்கத் தெரியாமல், படபடவென்று அடித்துக்கொண்டு, ஒவ்வோர் ஆணும் தன் ஜோடியைத் தேடி நடந்தது. இதையா இத்தனை காலம் கொப்பரையில் போட்டோம் என்று பொம்மி குனிந்து குனிந்து பார்த்தாள். எல்லாம் ஜோடி சேர்ந்தன.

"இங்கே அவர் இல்லை" என்றாள்.

இரண்டாம் அறையில் ஆமணக்கு இலை தின்றவை. போகும் வழியைத் திறந்து வைத்தே கட்டிய கூடுகள் அவை. பழுப்பு இறகில் வெள்ளைக் கோடு ஓடிய பூச்சிகள் சாவதானமாக வெளியே வந்தன. அவையும் ஜோடி சேர்ந்தன.

"இங்கேயும் அவர் இல்லை."

மூன்றாம் அறையில் மருத மரத்து இலை தின்றவை. கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிய கூடுகள். அந்தி சாயும்போது அவை திறந்தன. உள்ளங்கை அகலப் பூச்சிகள். ஒவ்வோர் இறகிலும் கண்ணாடி போல ஒரு வட்டம், அதன் வழியே செவ்வானம் தெரிந்தது. பொம்மி தன்னையறியாமல் கைகூப்பினாள். ஆண்களெல்லாம் பெண்களைத் தேடிப் பறந்தன. ஒன்று மட்டும் எல்லாவற்றையும் கடந்து வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. வெந்த இடம் பார்த்து உட்கார்ந்தது. ஊத அதற்கு வாயில்லையே. இறகால் மெல்ல விசிறியது.

"இவர்தான்" என்றாள் பொம்மி.

சொன்ன மாத்திரத்தில் மந்திரம் விலகி, மாதேசன் மனிதனாக எதிரே நின்றான். "பசிக்குது பொம்மி" என்றான்.

கொப்பரையை அன்றே கவிழ்த்தார்கள். பூச்சிகள் போன பிறகு ஓட்டைக் கூடுகளைப் பிரித்து முடிந்து நூற்றார்கள். அந்தப் பட்டைத் தடவினால் முடிச்சு நெருடும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு பூச்சி உயிரோடு வெளியே போன இடம் என்று கேட்டதும், ராஜா அதைத்தான் உடுத்துவேன் என்று சொல்லிவிட்டார்.

சுருளனா? பந்தயப்படி அவனும் புழுவாகி, இலை தின்று கூடு கட்டினான். அந்தக் கூட்டையும் பொம்மி கொதிக்க வைக்கவில்லை. ஒரு காலையில் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தான். மந்திரம் சொல்லத்தான் அவனுக்கு வாய் இல்லை.