இரண்டாம் முறை எண்ணியது

சந்தையில் மூலிகை விற்கும் ஒருவர், செவிடு தீர்க்கும் என்று சொல்லி ஒரு வேரைக் கொடுத்தார். இளம் ஆய்வாளன் சிவக்கொழுந்து அதைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டான்.

கூடமே சிரித்தது. மூத்த ஆய்வாளர் திருமேனி, "அடுத்து வேப்பிலை அடிச்சுப் பாப்போமா?" என்றார்.

பேராசிரியை மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. "சோதிச்சுப் பாரு" என்று ஒரு மேசையும் காது கேளாத எலிகளும் கொடுத்தார்.

சிவக்கொழுந்தின் மகள் இசைமதிக்குக் காய்ச்சலில் காது போயிருந்தது. "அப்பா வந்துட்டேன்" என்று வாசலில் நின்று அவன் கூப்பிட வேண்டும், அவள் ஓடிவர வேண்டும். அந்த ஒரு ஓட்டத்துக்காக ஏங்கிக் கிடந்தான்.

மழைக்காலம் முடிந்ததும், எலிகளின் காதுத் திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மேடம், வேர் குடிச்ச எலிங்க காதுல, கேக்க வைக்கிற செல் நிறைய முளைச்சிருக்கு."

"எண்ணினது யாரு?"

"நான்தான்."

"எது வேர் குடிச்ச எலின்னு தெரிஞ்சேவா?"

"லேபிள் ஒட்டியிருக்கே, மேடம்."

"எதையாவது ரெண்டாம் தடவை எண்ணினியா?"

"கொஞ்சமா வந்ததை மட்டும். தப்பா எண்ணிட்டேனோன்னு தோணுச்சு."

"வேர் குடிக்காத எலிக்குக் கொஞ்சமா வந்தப்போ?"

அப்போது அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்களும் சிரிச்சவங்க கட்சிதானா, மேடம்?"

"அவங்க ஒரு தடவைகூட எண்ணல. நீ ரெண்டு தடவை எண்ணிட்ட."

"அப்ப நீங்களே எண்ணுங்க."

"இசைமதி என் மடியில உக்காந்து சாப்பிட்ட பிள்ளை. என் கண்ணையும் நம்பாதே."

லேபிள்களை ஒவ்வொன்றாக உரித்தார். தனக்கு மட்டும் புரியும் குறிகளைப் போட்டு, ஸ்லைடுகளைக் கலைத்து ஒரு தட்டில் அடுக்கினார்.

"திருமேனி எண்ணட்டும்."

"அவர் சிரிச்சவராச்சே."

"எது எதுன்னு தெரியாம எதைக் குறைச்சு எண்ணுவாரு?"

சிவக்கொழுந்து தட்டை வாங்கிக்கொண்டான். கதவுவரை போய் நின்றுவிட்டான். இதுவரை அந்த வேர் வேலை செய்துகொண்டிருந்தது. இந்தக் கதவைத் தாண்டினால் என்ன ஆகுமோ.

"இல்லைன்னு வந்துட்டா, மேடம்?"

"வேற வேரைத் தேடுவோம். நானும் வரேன்."

"இதையே நம்பிட்டுப் போறேனே. என்ன குறைஞ்சிடும்?"

அவர் அவன் தோளில் கை வைத்தார்.

"நம்பிட்டுப் போனா, வாசல்ல நின்னு கூப்பிடுவ. அவ தற்செயலா ஒரு நாள் திரும்பிப் பாப்பா. கேட்டுடுச்சுன்னு நீ அழுவ. அவளுக்கு மட்டும் ஒண்ணும் கேட்டிருக்காது."